நீலம் வந்த பதினோரு நாள்

தேவேந்திரன் வீட்டில் பொழுது விடிந்ததும் முதல் வேலை டீ, இரண்டாவது வேலை வெற்றிலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முப்பது வருஷம் செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டை தூக்கினவர் அவர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது கமிட்டிதான். அங்கே லோடுமேன்கள் வெற்றிலை போடாமல் அன்றைய முதல் மூட்டையில் கை வைக்க மாட்டார்கள். வியாபாரி கத்தட்டும், லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே கிடக்கட்டும், வாய் சிவந்த பிறகுதான் முதுகு குனியும். முதுகெலும்பில் டிஸ்க் தள்ளி, கமிட்டிக்கே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. மூட்டை போய்விட்டது. வெற்றிலை போகவில்லை.

இப்போது அவருக்கு மூட்டைக்குப் பதில் மீன். வீட்டுக்குப் பின்னால் பச்சை நிழல்வலைக்குக் கீழே ஆயிரம் லிட்டர் தொட்டி, அதில் அறுபது ஜிலேபி மீன். பக்கத்தில் நீல டிரம்களை நீளவாக்கில் பிளந்து கருங்கல் ஜல்லி கொட்டிய நான்கு பாத்திகள். மண் என்று ஒரு பிடி கிடையாது, ஆனால் வெண்டையும் தக்காளியும் புதினாவும் பொன்னாங்கண்ணியும் தளதளவென்று நிற்கும். மோட்டார் மீன் தண்ணீரை ஜல்லிக்கு ஏற்றும். மீன் போட்ட கழிவைச் செடி எடுத்துக்கொண்டு, தெளிந்த தண்ணீரை மீனுக்கே திருப்பி விடும். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தேவேந்திரன் இதை விளக்குவார். சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சுக்கே ஒரு ராகம் வந்துவிட்டது.

இந்த ஏற்பாடு முழுக்க மகள் மோனிகாவுடையது. மீன்வளம் படித்துவிட்டு வேதாரண்யம் பக்கம் ஒரு இறால் பண்ணையில் தண்ணீர் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். அவள் இதைக் கொண்டுவந்து வைத்ததற்குக் காரணம் காய்கறி இல்லை, மீனும் இல்லை. அப்பன்தான்.

முதுகு போன பிறகு தேவேந்திரன் எட்டு மாதம் உள்ளறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தார். வலி மூன்று மாதத்தில் குறைந்துவிட்டது. ஆள்தான் திரும்பவில்லை. சோறு வைத்தால் எழுந்து சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், மறுபடி சுவர். கமிட்டி ஆட்கள் பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி கிடப்பார். அமிர்தவல்லி அந்த எட்டு மாதமும் அவர் முதுகைப் பார்த்துத்தான் பேசினாள். காலையில் சத்துணவுக்கூடத்துக்குச் சமைக்கக் கிளம்பும்போது முதுகிடம் சொல்லிக்கொண்டு போவாள், மூன்று மணிக்கு வந்து முதுகிடம் "சாப்டியா மாமா?" என்பாள். அவளுக்கு அவர் அத்தை மகன். பத்து வயதிலிருந்து அவரைத் தெரியும். அப்படிப்பட்டவள் கணவன் முகம் மறந்துபோய்விடுமோ என்று பயந்த நாட்களும் உண்டு.

மோனிகா லீவில் வந்து தொட்டியை இறக்கி, ஜல்லி கழுவ ஆள் இல்லை என்று வேண்டுமென்றே கத்தினாள். கத்தினது பலித்தது. தேவேந்திரன் எழுந்து வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஜல்லி கழுவினார். மறுநாளும் கழுவினார். அதற்கப்புறம் அவர் சுவரைப் பார்க்கவில்லை.

"நைனா, எல்லாத்தையும் விட முக்கியம் தண்ணியோட பி.ஹெச்," என்று மோனிகா பாடம் நடத்தினாள். "தண்ணி ரொம்பப் புளிச்சாலும் ஆவாது, ரொம்ப உவர் ஏறினாலும் ஆவாது. ஆறரையில இருந்து ஏழுக்குள்ள நிக்கணும். இந்தக் கண்ணாடிக் குழாய்ல கோடு வரைக்கும் தண்ணி, இதுல மூணு சொட்டு, மூடிய போட்டுக் குலுக்கு. பச்சையா வந்தா நல்லா இருக்குது. மஞ்சள் வந்தா புளிப்பு. நீலம் வந்தா உவர்."

"இன்னா பெரிய கம்ப சூத்திரம். நெல்லு கடிச்சி ஈரப்பதம் சொல்றவன் நானு."

"தண்ணியக் கடிச்சிப் பாத்துடாத நைனா."

ஆறு மாதம் பச்சைதான். மீன் உள்ளங்கை அளவு வந்து, அதைத் தாண்டியும் வளர்ந்தது. வாரம் இரண்டு முறை வெண்டைக்காய் பறித்துச் சந்திலிருக்கிற நாலு வீட்டுக்குக் கொடுத்தார். அந்தப் பச்சையை தினம் காலையில் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பதில் அவருக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, மகள் பாஸ் பண்ணின அன்றைக்குக்கூட இருந்ததில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ராஜகிரி மலைப் பாறையெல்லாம் கறுத்து, கோட்டை நாலு நாள் கண்ணுக்கே தெரியவில்லை. வீட்டுக்கூரைத் தண்ணீரை வீணாக்குவானேன் என்று தேவேந்திரன் பைப் வைத்துத் தொட்டியில் விட்டார். அந்த மழையில்தான் ஒரு நாள் கண்ணாடிக் குழாயின் மூடி கை வழுக்கி விழுந்து ஓடையோடு போனது. ஒரு சுண்டுவிரல் நகம் பெரிசு இல்லை அது. அதற்காகத் தேடிக்கொண்டு அவர் சங்கராபரணி ஆறு வரைக்கும் போகவா முடியும்? விரலை வைத்துக் குழாயை அடைத்துக் குலுக்கினார்.

அன்றைக்குத்தான் முதல் நீலம் வந்தது.

"நீலமா?" மோனிகா போனில் யோசித்தாள். "நம்ப போர் தண்ணி உப்பு ஏறின தண்ணிதான். இருந்தாலும் மழைல ஏறக் கூடாதே. சரி, எலுமிச்சம்பழம் அஞ்சு, ஒரு பக்கெட் தண்ணியில புழிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. ஒரேடியா கவுத்துடாத."

ஐந்து பழம் பத்தாகியது. நீலம் நீலமாகவே இருந்தது. எதிர்வீட்டுக்காரி சின்னப்பொண்ணு அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு வந்து, அங்காளம்மன் காலில் வைத்து எடுத்த பழம் என்று இரண்டைக் கொடுத்தாள். வாசலில் கட்டத்தான் கொடுத்தாள். தேவேந்திரன் அதையும் பிழிந்துவிட்டார்.

"அடப்பாவி மனுசா! அம்மன் பழத்தையா?" என்றாள் அமிர்தவல்லி.

"அம்மன் பழந்தான் இன்னும் சுருக்கா வேல செய்யும்."

மூன்றாம் நாள் ஒரு மீன் மிதந்தது. ஐந்தாம் நாள் இரண்டு. மீதி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து நின்றன. தீனி போட்டால் சட்டை பண்ணவில்லை. முன்பெல்லாம் இவர் நிழல் விழுந்தாலே தண்ணீர் கொதிக்கிற மாதிரி எகிறும் மீன்கள். செத்ததை, ஊர் வாயில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வயல் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து, அவர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து தீனி டப்பாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருப்பார். பார்க்க வந்தவர்களுக்கு விளக்குகிற ராகம் நின்றுபோனது.

பத்தாம் நாள் அமிர்தவல்லி சத்துணவுக்கூடத்திலிருந்து வந்தாள். பின்பக்கம் ஆள் இல்லை. உள்ளறையில் எட்டிப் பார்த்தாள். படுத்திருந்தார். சுவரைப் பார்த்து.

"மாமா, இன்னா படுத்துட்ட?"

"சும்மாதான்."

"இடுப்பு வலிக்குதா?"

"இல்ல."

வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் தைலத்தைத் தேடியிருப்பாள். இல்லை என்பதற்கு எந்தத் தைலத்தைத் தேடுவது?

"இன்னிக்கு ஒண்ணு போச்சி," என்றார் சுவரிடம். "ஏழு ஆச்சி. எனக்கு ஒரு வேலையும் வெளங்காது அமிர்தம். நீ அந்தப் புள்ளகிட்ட சொல்லி இதெல்லாம் யாருக்காவது குடுத்துடச் சொல்லு."

அரைமணி நேரம் கழித்து எழுந்து டீ குடிக்க வந்துவிட்டார்தான். ஆனால் அந்த அரைமணி நேரம் அமிர்தவல்லிக்கு எட்டு மாதமாக இருந்தது. மீன் செத்தால் மீனோடு போகும். இந்த மனுஷன் மறுபடி திரும்பிக்கொண்டால் இந்த முறை யார் வந்து திருப்புவது? ஜல்லி கழுவ இன்னொரு தடவை கத்த முடியுமா?

மறுநாள் அவருக்குப் புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் மாதாந்தரப் பரிசோதனை. கமிட்டி மேஸ்திரி பெரியதம்பி எப்போதும் துணைக்குப் போவார். இருவரையும் விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த அமிர்தவல்லிக்கு, தினம் பார்க்கிற தண்ணீரை இன்றைக்குப் பார்க்க ஆளில்லையே என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. குழாயில் கோடு வரைக்கும் தண்ணீர் மொண்டாள். மூன்று சொட்டு விட்டாள். விரலால் அடைத்துக் குலுக்கினாள்.

மஞ்சள்.

நல்ல எலுமிச்சை மஞ்சள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தினம் இரண்டு கிலோ புளி கரைக்கிற கை, நேற்றுக் கரைத்த சாம்பார்ப் புளி விரல் இடுக்கில் இருக்குமோ என்னவோ. சோப்புப் போட்டால் சோப்பு வேறு ஏதாவது கலர் காட்டிவிடும் என்று வெறும் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மறுபடி பார்த்தாள். மஞ்சள். விரலே வேண்டாம் என்று புது பிளாஸ்டிக் கவரைக் கிழித்துக் குழாய் வாயில் இறுக்கிப் பிடித்துக் குலுக்கினாள். அதே மஞ்சள். சிரிப்பு போய்விட்டது. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, போன் வந்துவிட்டது.

"அம்மா, இது யார் பாத்தது?"

"நாந்தான். ஏன், தப்பாப் பண்ணிட்டனா?"

"மூணு வாட்டியும் மஞ்சளா?"

"மூணு வாட்டியும்."

"அப்ப தண்ணி புளிச்சிப் போய்க் கெடக்குதும்மா! ஆறுக்கும் கீழ. மீன் கழிவால தண்ணி தானாவே புளிச்சிக்கினேதான் போவும். போர் தண்ணியில இருக்கற உப்புதான் அதைத் தாங்கிக்கினு இருக்கும். மழைத்தண்ணி சேந்ததும் அந்தத் தாங்கலும் போயிருக்கும். அதுமேல எலுமிச்சம்பழம் வேற... நைனாவுக்கு எப்படிம்மா நீலம் வருது? நேத்துகூட போட்டோ அனுப்பிச்சாரே, நல்ல நீலம்."

"எனக்கு இன்னாடி தெரியும். அவருக்குக் கண்ணு தெரியாமப் போவல."

"போட்டோவுலயே நீலம்தாம்மா. கண்ணு இல்ல."

யாருக்கும் விளங்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் நிறுத்து என்றாள் மோனிகா.

சாயந்திரம் ஐந்து மணிக்குத் தேவேந்திரன் வந்தார். சட்டையைக் கூட மாற்றவில்லை, நேராகப் பின்பக்கம் போனார். காலையில் விட்டுப்போன வேலை. அமிர்தவல்லி அவித்த மல்லாட்டையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரித்தாள். அவர் முக்காலியில் அமர்ந்தார். வேலைக்கு முன்னால் வெற்றிலை. இடுப்பிலிருந்து பையை எடுத்து, ஒரு வெற்றிலையைத் தொடையில் துடைத்து, காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு டப்பியைத் திறந்து ஆள்காட்டி விரல் நுனியில் எடுத்தார். இலையின் முதுகில் தடவினார். மீதி இருந்த துளியை வேட்டி ஓரத்தில் ஒரு இழுப்பு. மடித்து வாயில் போட்டார். அப்புறம் குழாயை எடுத்தார். தண்ணீர், மூன்று சொட்டு. அதே ஆள்காட்டி விரலை வைத்து அடைத்தார். குலுக்கினார்.

அமிர்தவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் தொட்ட இடத்திலிருந்து நீலம் புகை மாதிரி இறங்கி, குழாய் முழுக்கப் பரவியது.

"பாத்தியா," என்றார் அவர். "பதினோராவது நாளு."

மல்லாட்டை அவள் கையிலேயே நின்றது. அவ்வளவு தண்ணீருக்கும் அந்த விரல் நுனி சுண்ணாம்பு எம்மாத்திரம் என்றால், தொட்டிக்கு ஒன்றுமில்லை, ஆனால் குழாயில் இருப்பது ஒரு மடக்கு. அந்த ஒரு மடக்கைத்தான் இவர் தினம் சுண்ணாம்பாக்கிப் பார்த்து, ஏற்கெனவே புளித்த தண்ணீரில் தினம் பத்துப் பழம் பிழிந்திருக்கிறார்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். என்னவென்று சொல்வது? அந்த ஏழு மீனையும் நீதான் கொன்றாய், உன் கையால் என்றா? நேற்றுத்தான் எனக்கு ஒரு வேலையும் விளங்காது என்று சுவரிடம் சொன்ன மனுஷனிடமா?

"பழம் எங்க வச்ச?" என்றார் அவர்.

"பழம் இல்ல மாமா. தீந்து போச்சி. மார்க்கெட்லயும் இல்லியாம்."

"எலுமிச்சம்பழமா இல்ல?"

"மழைக்கு வரலியாம்," என்று கூசாமல் சொன்னாள். அடுக்களைப் பானைக்குப் பின்னால் பதினாறு பழம் இருந்தது.

மறுநாள் சத்துணவுக்கூடத்தின் பின்னால் நின்று மகளிடம் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு வந்தது, கூடவே மூக்கை உறிஞ்சுகிற சத்தமும்.

"நைனாகிட்ட சொல்லாதடி."

"சொல்லாம எப்படிம்மா? நாளைக்கும் நீலம்னுதான் சொல்வாரு."

"மூடி ஒண்ணு கெடச்சா போதும். விரலு வைக்க மாட்டாரு. பாக்கி நான் பாத்துக்கறன். புளிப்பு எறங்க இன்னா போடணும், அத்த சொல்லு."

"பி.ஹெச்ச ஏத்தணும்மா, எறக்கறது இல்ல. மெதுவாத்தான் ஏத்தணும், சடக்குனு ஏத்தினா மீனு தாங்காது. கிளிஞ்சல் இருந்தா துணிப்பையில கட்டி, தண்ணி விழற எடத்துல தொங்க விடலாம். அதுவே வேணுங்கற மட்டும் கரைஞ்சிக்கும்."

"கிளிஞ்சலுக்கு நான் மரக்காணம் போவணும்."

"முட்டை ஓடு கூட போதும்மா."

முட்டை ஓடா? அமிர்தவல்லி திரும்பிப் பார்த்தாள். நூற்றெண்பது பிள்ளைகளுக்கு நூற்றெண்பது முட்டை தினம் அவிக்கிறவள் அவள். காலுக்குப் பக்கத்துக் கூடையிலேயே நேற்றைய ஓடும் இன்றைய ஓடும் குவிந்து கிடந்தது. அந்தக் குப்பையைப் பார்த்து அவளுக்கு வந்த சந்தோஷத்தை வேறு யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

மூடிக்கு அறிவியல் எடுக்கிற கலைச்செல்வி டீச்சரிடம் போனாள். டீச்சர் ஆய்வு அலமாரியைத் திறந்து, சோதனைக்குழாய்த் தக்கைகளில் சின்னதாக ஒன்றைத் தேடி, பிளேடால் சீவிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். அமிர்தவல்லி முழுக்கதையும் சொல்லிவிட்டாள். வீட்டில் சொல்ல முடியாததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

அன்றைக்குச் சாயந்திரம் முட்டை ஓட்டைக் கழுவி நொறுக்கி, பழைய பாவாடைத் துணியில் பை தைத்து, ஜல்லியிலிருந்து தண்ணீர் விழுகிற குழாய்க்குக் கீழே கட்டினாள்.

"இன்னா அது?" என்றார் தேவேந்திரன்.

"முட்டை ஓடு. செடிக்கு நல்லதாம். டீச்சர் சொன்னாங்க."

"செடிக்குன்னா செடியிலல்ல போடணும்? மீனு தலையில எதுக்குத் தொங்குது?"

"தண்ணி செடிக்குத்தான போவுது? நீதான ஊருக்கெல்லாம் பாடம் எடுப்ப?"

அவர் பையை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்புறம் மாமா, மோனிகா தக்கை அனுப்பியிருக்கறா. கூரியர்ல வந்துது. குழாய்க்கு."

அவர் தக்கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டார், கச்சிதமாக இருந்தது. தண்ணீர் மொண்டு, மூன்று சொட்டு விட்டு, தக்கையால் அடைத்துக் குலுக்கினார். வாயில் வெற்றிலை இருந்தது. அமிர்தவல்லி கையில் எடுத்த துடைப்பத்தால் பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

மஞ்சள்.

தேவேந்திரன் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இறக்கினார். மறுபடி பிடித்தார். பிறகு எழுந்து வேலி வரைக்கும் நடந்து போய், வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் மலையைப் பார்த்து நின்றார். மழைக்கு இடைவெளி விட்ட வானத்தில் ராஜகிரி உச்சி மட்டும் வெளியே வந்திருந்தது. திரும்பி வந்தார்.

"மழைத்தண்ணி உவர எறக்கிப்புடுச்சி போல," என்றார்.

"ஆமா மாமா! மழைதான்!" அமிர்தவல்லி அதைத் தாவிப் பிடித்தாள். "நானே சொல்லணும்னு இருந்தேன்."

அவர் உள்ளே போனார். கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது. அவள் துடைப்பத்தைப் போட்டாள். மிச்சம் நொறுக்கிய ஓட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டே போய் வாசக்காலில் நின்று எட்டிப் பார்த்தாள். மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்குக் கீழே கொடுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவள் பூனை மாதிரி நகர்ந்து வந்துவிட்டாள்.

மறுநாள் அவள் எழுவதற்கு முன்னால் அவர் தொட்டியடியில் இருந்தார். கூரை பைப்பைத் திருப்பி மழைத்தண்ணீர் தொட்டிக்கு வராமல் வெளியே விட்டிருந்தார். அன்றும் மஞ்சள்தான். மூன்றாம் நாள் மஞ்சளில் பச்சை தட்டியது. ஐந்தாம் நாள் இளம் பச்சை, வெண்டைப் பிஞ்சு நிறம். அதற்கப்புறம் ஒரு மீனும் சாகவில்லை. ஏழாம் நாள் தீனியை அள்ளிப் போட்டதும் இரண்டு மீன் வந்து மோந்து பார்த்தன. எட்டாம் நாள் பத்து. ஒன்பதாம் நாள் குழாயில் பழைய பச்சை, தொட்டியில் பழைய கொதிப்பு. இவர் குனிந்ததும் தண்ணீர் எகிறி முகத்தில் அடித்தது. தேவேந்திரன் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்று சிரித்தார்.

அமிர்தவல்லி மட்டும் எப்படி இருப்பாள்? சின்னப்பொண்ணுக்கு இரண்டு கட்டுப் புதினா கொடுத்தாள். பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சாம்பாரில் பெருங்காயம் கூடுதலாகப் போட்டாள். தான் ஒரு பெரிய காரியத்தைச் செய்து, செய்த சுவடு தெரியாமல் முடித்துவிட்டோம் என்கிற நிம்மதி அவள் நடையிலேயே தெரிந்தது. அவர் இப்போதெல்லாம் சுண்ணாம்பை விரலால் எடுக்காமல் வெற்றிலைக் காம்பால் எடுத்துத் தடவுகிறார் என்பதை அவள் பார்த்தாள்தான். ஆனால் அது அவள் மண்டையில் ஏறவில்லை. கெட்டிக்காரத்தனம் செய்கிறவர்களுக்கு மற்றவர்கள் செய்வது கண்ணில் படாது.

கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்கு லீவு. பெரியதம்பி மேஸ்திரியையும், கூட மூட்டை தூக்கின வளவனையும் தேவேந்திரன் தானாகவே போன் போட்டு மீன் குழம்புக்குக் கூப்பிட்டார். ஒன்றரை வருஷத்தில் அவர் ஒருவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வலைபோட்டு எட்டு மீன் பிடித்தார். செதில் சீவிக் கொடுத்ததும் அவரேதான். தொட்டியடியிலேயே பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள். அடுக்களை ஜன்னல் அந்தப் பக்கம்தான். அமிர்தவல்லி குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்திருந்தாள்.

"நடுவுல செத்துதுன்னு சொன்னியே தேவேந்திரா, இன்னாத்துக்கு செத்துது?" மேஸ்திரி குரல்.

"அத்த ஏன் கேக்கற அண்ணா. இந்தக் கொலைகாரன்தான்."

"எவன்?"

"இவன்."

அமிர்தவல்லி ஜன்னல் வழியே பார்த்தாள். தேவேந்திரன் ஆள்காட்டி விரலை நீட்டி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

அவர் சொல்ல ஆரம்பித்தார். மூடி ஓடையில் போனது, வெற்றிலை போட்டது, விரலால் அடைத்தது, நீலம் வந்தது, நூறு எலுமிச்சம்பழம், அம்மன் பழம் இரண்டு. எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். வளவன் புரண்டு புரண்டு சிரித்தான். மேஸ்திரிக்குப் புரையேறியது.

"முப்பது வருசம் வெத்தல போட்டாத்தான் மொத மூட்டைன்னு எங்களப் பழக்கினது யாரு? நீதான அண்ணா? ஏழு மீனுக்கும் நீயும் பங்காளி."

"அடப்பாவி! எம்மேல போடறியா? சரி, அப்புறம் எப்படிடா கண்டுபுடிச்ச?"

"நான் எங்க கண்டுபுடிச்சேன். அவதான் கண்டுபுடிச்சா." குரல் கொஞ்சம் இறங்கியது. அமிர்தவல்லி ஜன்னலோரம் ஒண்டினாள். "ஒரு தக்கையக் கொண்டாந்து மோனிகா கூரியர்ல அனுப்பிச்சான்னு குடுக்கறா. பாத்தா அதுமேல 'எட்டாம் வகுப்பு'ன்னு எழுதிக் கெடக்குது. வேதாரண்யத்துல இறாலு எட்டாவது படிக்குதாடின்னு கேக்க வாய் வரைக்கும் வந்துடுச்சி."

மறுபடி சிரிப்பு.

"ஏண்டா கேக்கல?"

தேவேந்திரன் சிரிப்பை நிறுத்திப் பாயின் ஓரத்தை நீவினார்.

"தக்கைய வச்சிக் குலுக்குனா மஞ்சள். அப்பவே எல்லாம் வெளங்கிப் போச்சி அண்ணா. நம்ப கையாலயே கொன்னுட்டோம்னு. போய்ப் படுத்தேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கலாம்னுதான் படுத்தேன், பொய் இன்னாத்துக்கு. இவ வந்து வாசக்கால்ல நிக்கறா. கையில முட்டை ஓட்டுப் பை. உள்ளயும் வரல, போவவும் இல்ல, மூச்சு விடாம எட்டிப் பாக்கறா. எனக்குத் தெரியக் கூடாதுன்னு எத்தினி பொய், எத்தினி பாடு. அப்படி ஒருத்தி நிக்கும்போது எப்படி அண்ணா திரும்பறது?"

மேஸ்திரி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவளுக்கு மனசு கஷ்டமாப் போவும். அதான் மழைன்னு சொல்லிட்டேன். நீங்களும் வாயத் தொறக்காதீங்க."

அமிர்தவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மறுபடி துடைக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் மேல் இவ்வளவு ஆசை வந்த நாள் அவளுக்கு ஞாபகமில்லை. குழம்பை இறக்கினாள். சோற்றுக் குண்டானை இடுப்பிலும் குழம்புச் சட்டியைக் கையிலும் எடுத்துக்கொண்டு பின்கதவைக் காலால் தள்ளினாள்.

மூன்று பேரும் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். தேவேந்திரன் முகத்தில் திருட்டு முழி.

"இன்னா அமிர்தம், நாங்க பேசுனது உள்ள கேட்டுதா?"

"குழம்பு கொதிக்கற சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல மாமா," என்று அவள் நடுமீன் துண்டாகப் பார்த்து முதலில் அவர் இலையில் வைத்தாள்.